வறுத்தால் எல்லாம் சரியாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டப்பாவில் நாள்பட்டுக் கிடந்த முந்திரி, பாதாம், வால்நட், நிலக்கடலையில் லேசாக வாடை அடித்தால் வெறும் வாணலியில் வறுத்துப் பயன்படுத்தலாம் என்ற யோசனை சமையல் குறிப்புகளில் அடிக்கடி தென்படுகிறது. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நமத்துப்போவது வேறு, காறிப்போவது வேறு, பூசணம் பிடிப்பது வேறு. இவற்றில் வறுத்து மீட்கக்கூடியது முதலாவது மட்டும்தான்.

நமத்த பருப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. கடித்தால் சடக்கென்று முறியாது; வாடையோ கசப்போ இருக்காது. சிறு தீயில் சில நிமிடம் புரட்டி ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். சூட்டோடு கடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் மெத்தென்று இருக்கிறதே என்று கருக்கிவிடக் கூடாது, ஆறும்போதுதான் முறுகும். நமத்ததை அப்படியே விட்டுவைத்தால் அடுத்து வருவது பூசணம்.

காறல் என்பது எண்ணெய் கெடுவது. வால்நட்டில் எடைக்குச் சுமார் 65 சதவீதம் கொழுப்பு, பாதாமில் 50, முந்திரியில் 44. இந்தக் கொழுப்பு காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து சிதைகிறது; வெளிச்சமும் வெப்பமும் அதை விரைவுபடுத்துகின்றன. வால்நட்டின் கொழுப்பு இந்த வினைக்கு எளிதில் ஆளாகும் வகை என்பதால் அதுதான் முதலில் காறும். முழுப் பருப்பைவிட நறுக்கியதும், பச்சையைவிட வறுத்ததும் சீக்கிரம் கெடும்.

சோதிக்கும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. குளிர்ந்த எண்ணெய் வாடையை எளிதில் வெளியே விடாது. மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரவிட்டு, மூடியைத் திறந்த கணமே முகர வேண்டும். பிறகு ஒரு பருப்பை உடைத்து, உள்ளங்கையில் தேய்த்து முகருங்கள். நல்லதில் மெல்லிய இனிப்பு வாசம் இருக்கும், அல்லது வாசமே இருக்காது. காறியதில் பெயின்ட், வார்னிஷ், பழைய பலகார எண்ணெய் வாடை அடிக்கும். உடைந்த முகத்தையும் பாருங்கள்: புதிய வால்நட்டின் உட்புறம் தந்த நிறம், பழையது மஞ்சள் பழுப்பேறி, எண்ணெய் ஊறிய காகிதம்போல் ஓரங்களில் மினுங்கும்.

கண்ணிலும் மூக்கிலும் குறை படவில்லை என்றால் மட்டும் அரைப் பருப்பை மென்று, பத்து விநாடி பொறுங்கள். காறல் முதல் கடியில் தெரியாமல், பின்னால் தொண்டையில் கரகரக்கும். உடனே துப்பிவிடலாம். வால்நட் தோலின் துவர்ப்பு இயல்பானது. அதைக் காறல் என்று எண்ணி நல்ல பருப்பைக் கொட்டிவிட வேண்டாம். காறியதை வறுத்தால் வாடை கொஞ்ச நேரம் அடங்கும், சிதைந்த கொழுப்பு அப்படியேதான் இருக்கும்.

பூசணம்தான் உண்மையான ஆபத்து. மக்கல் வாடை, பச்சையோ மஞ்சளோ சாம்பலோ படிந்த தூள், பருப்பின் இடுக்கில் பஞ்சுபோன்ற இழை, இவற்றில் எது தென்பட்டாலும் டப்பா முழுவதையும் கொட்டிவிடுங்கள். ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள் சில அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கின்றன. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமானது என்று உறுதிப்பட்ட பொருள் அது. அதற்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. சாதாரண வறுவல் சூட்டில் முழுதாக அழியாது, கழுவினாலும் போகாது. நஞ்சு எல்லாப் பருப்பிலும் சீராகப் பரவியிருக்காது, ஒன்றிரண்டில் மட்டும் மிக அதிகமாக இருக்கலாம். பூசணம் வெளியே தெரியாவிட்டாலும் சுருங்கியது, நிறம் மாறியது, வழக்கத்துக்கு மாறாகக் கசப்பது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள்.

கொட்டுவதைக் கோழிக்கோ மாட்டுக்கோ போட வேண்டாம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்குக் காரணம், தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சுதான். மாடு தின்றால் அதன் மாற்று வடிவம் பாலிலும் இறங்கும்.

புழு வைத்ததற்கு அடையாளம் நூலாம்படையும், அடியில் சேரும் மாவுபோன்ற எச்சமும். பொட்டலத்தில் அச்சிட்ட தேதி, பிரிக்காத பொட்டலத்துக்கு மட்டுமே பொருந்தும். பிரித்த நாளை டப்பாவின் மேல் எழுதி ஒட்டுவது நல்லது. காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, ஃபிரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸில் வைத்தால் ஆறு மாதம் தாங்கும். மைனஸ் 18 டிகிரியில் ஒரு வருடம் வரை. பழைய டப்பாவில் புதிதைக் கொட்டுமுன் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் முற்றும் உலர விடுங்கள். சுவரில் படிந்த காறிய எண்ணெய் புதிய பருப்பையும் சீக்கிரம் கெடுத்துவிடும்.

சமையல் குறிப்பு எழுதுவோர் "வறுத்துக்கொள்ளவும்" என்பதற்கு முன்னால் "ஒன்றை உடைத்துப் பார்த்து, முகர்ந்த பின்" என்ற சொற்களையும் சேர்க்கும்படி தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உணவுப் பொருள் தரப் பரிசோதனைத் துறையில் உள்ள ஒரு வாசகர்