உங்களைச் சுட வேண்டியதில்லை, திருமதி ரூஜியர்

மதிப்பிற்குரிய ஜார்ஜெட் ஹேயர் அவர்களுக்கு,

பழைய இங்கிலாந்தில் நடக்கும் காதல் நாவல்களால் பெயர்பெற்ற ஆங்கில எழுத்தாளர் நீங்கள். ஆனால் பேட்டி என்றாலே கதவைச் சாத்தியவர். 1926-இல் பிரிட்டனின் பொது வேலைநிறுத்தக் குழப்பத்துக்கு நடுவே உங்கள் 'தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்' நாவல் வந்தது. விளம்பரம் இல்லை, மதிப்புரை இல்லை, ஆனால் 1,90,000 பிரதிகள் விற்றன. அதற்கப்புறம் விளம்பரம் எதற்கு என்று இருந்துவிட்டீர்கள். 1974-இல் வந்த இரங்கல் குறிப்பைப் பார்த்துத்தான் கணவர் பெயரால் நீங்கள் திருமதி ரூஜியர் என்பதே பல வாசகர்களுக்குத் தெரிந்ததாம். அப்படிப்பட்டவருக்கு ஊரறியக் கடிதம் எழுதுவது சரியில்லைதான். ஆனாலும் உங்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

போர்க்காலத்தில் எழுதி 1944-இல் வெளியிட்ட 'ஃப்ரைடேஸ் சைல்ட்' நாவலைப் பற்றி நீங்களே சொன்னது: இந்த மாதிரி அபத்தம் எழுதுகிற என்னைச் சுட வேண்டும், ஆனால் குண்டுவீச்சுக்குப் பதுங்கியிருக்கும்போதோ காய்ச்சலிலிருந்து தேறும்போதோ எனக்கே இது பிடிக்கும். முதல் பாதியை நான் ஏற்கவில்லை.

அபத்தம் எழுதுகிறவர் செய்கிற வேலையா நீங்கள் செய்தது? உடை, தொப்பி, நிறம், கடை, விலைவாசி என்று தலைப்பு வாரியாகப் பிரித்த குறிப்பேடுகள். எந்த வருடம் மெழுகுவர்த்தி என்ன விலை என்பது வரை அதில் உண்டு. நெப்போலியனை வென்ற தளபதி வெலிங்டன் பிரபு எப்படிப் பேசுவார் என்று பிடிபடுவதற்காக அவர் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினீர்கள். சுரங்கப் பொறியாளரான கணவரோடு ஆப்பிரிக்காவின் தாங்கனீகா (இன்றைய தான்சானியா) காட்டில், புல் குடிசையில், பார்த்து எழுத ஒரு புத்தகம்கூட இல்லாமல் 'தி மாஸ்கரேடர்ஸ்' எழுதினீர்கள். 1740-களில் நடக்கிற கதை. அதில் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்தது ஒரே ஒரு காலப்பிழை: ஒரு லண்டன் கிளப்பை ஒரு வருடம் முன்னதாகத் திறந்துவிட்டீர்கள். பின்னால் உங்கள் கணவர் வேலையை விட்டு வழக்கறிஞர் படிப்புக்குப் போனபோது குடும்பம் உங்கள் எழுத்தை நம்பித்தான் ஓடியது.

எல்லாவற்றையும் புகழவும் வரவில்லை. 'தி கிராண்ட் சோஃபி'யில் வரும் யூத வட்டிக்காரரை நீங்கள் வரைந்திருக்கும் விதம் கூச வைக்கிறது. அது 1950. ஐரோப்பாவில் யூதர்களுக்கு என்ன நேர்ந்தது என்று உலகமே அறிந்த பிறகு எழுதியது. அதற்குச் சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

சரி, வழக்குக்கு வருகிறேன். காய்ச்சல்காரர்களுக்கான கதை என்று சொன்னீர்களே, நீங்கள் தொடங்கியதே அங்கேதானே? ரத்தம் உறையாத நோய் இருந்த தம்பி போரிஸ் சோர்ந்து கிடந்தபோது அவனுக்குச் சொன்ன கதைதான் 'தி பிளாக் மாத்'. அப்போது உங்களுக்கு 17 வயது. அப்பா சொல்லித்தான் அச்சுக்குப் போயிற்று. 1921-இல் புத்தகமாக வந்தபோது வயது 19.

அப்புறம், ருமேனியாவிலிருந்து வந்த கடிதம். அரசியல் கைதியாக 12 வருடம் சிறையில் இருந்த ஒரு பெண், 'ஃப்ரைடேஸ் சைல்ட்' கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் தானும் உடனிருந்த பெண்களும் சித்தம் கலங்காமல் இருந்ததாக உங்களுக்கு எழுதினார். கையில் புத்தகம் கிடையாது, நினைவிலிருந்துதான் சொல்லியிருக்கிறார். எழுதியதற்காக உங்களைச் சுட வேண்டும் என்றீர்களே, அதே நாவல்!

அந்தக் கதையில் அப்படி என்ன இருக்கிறது? காதலி மறுத்த கோபத்தில், கண்ணில் படும் முதல் பெண்ணைக் கட்டுவேன் என்று சபதம் போடுகிறான் ஷெர்ரி. மதில்மேல் உட்கார்ந்திருக்கிறாள் ஒரு பெண்; ஹீரோ என்பது அவள் பெயர். பிறகு கடன், சண்டை, சூதாட்டம், முட்டாள் நண்பர்கள். அவர்களில் ஃபெர்டி ஒருவன் போதும். பள்ளியில் அரைகுறையாகக் கேட்ட கிரேக்கப் பழிவாங்கும் தெய்வம் நெமிசிஸ் அவன் மண்டையில் ஏறிக்கொள்கிறது. பின்னாலிருந்து பதுங்கிவரும் யாரோ ஒரு ஆசாமி என்று நினைத்து நடுங்குகிறான். அந்தச் சிறை அறையில் இந்த இடத்தை மட்டும் எத்தனை முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பார்களோ!

இப்படிக்கு,
உங்கள் வாசகி