குளிச்சிட்டு வர்றதுக்கு எதுக்கு மெடல்? உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு நீச்சல் பயிற்சியாளரின் திறந்த மடல்

அன்புள்ள உடற்கல்வி ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

தலைப்பில் இருக்கும் கேள்வி உங்களில் ஒருவர் கேட்டது. நீச்சலில் மாவட்ட அளவில் ஜெயித்துவிட்டு வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம், கபடி அணிப் பையன்கள் சுற்றி நிற்கும்போது கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டதாக நான் நினைக்கவில்லை. பையன்கள் சிரித்தார்கள், அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் ஊர் ஊராகப் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகிறவன் நான். இதே பேச்சை வெவ்வேறு வாயிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். அடி விழுகிற ஆட்டம்தான் ஆட்டமாம். நீச்சல் என்பது வசதியான வீட்டுப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் பொழுதுபோக்குவதாம். அதனால் அவருக்குத் தனியாக எழுதாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கபடிமேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கல்லூரி அணியில் லெஃப்ட் கார்னர் ஆடியவன். எதிரணியிலிருந்து பாடி வரும் ரைடர் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும் அந்த அரை நொடியில் அவன் கணுக்காலில் பாய்வது என் வேலை. குதிகால் தாடையில் இடிக்கும் என்று தெரிந்தே பாய வேண்டும். அந்தத் துணிச்சலுக்கு இணையாக நீச்சல் குளத்தில் எதுவும் இல்லை. எட்டுப் பேர் எட்டு லேனில், நடுவே கயிறு கட்டி, ஒருவர்மேல் ஒருவர் படாமல் போகிறார்கள். எலும்பு முறிவு, தோள் கழன்றுபோவது, முட்டியைப் பிடித்து நிறுத்தும் ஏ.சி.எல். என்ற நார் கிழிவது, இதிலெல்லாம் கபடியோடு நீச்சல் போட்டிபோட முடியாது. குத்துச்சண்டைக்காரர்கள் தலையில் வாங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடிபடும் ஆபத்தை வைத்து அளந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் ஒரு விளையாட்டின் கடினத்துக்கு அது ஒன்றுதான் அளவுகோலா?

மூச்சை எடுத்துக்கொள்வோம். கபடியில் ஒரு ரைடு 30 நொடி. "கபடி கபடி" என்ற பாட்டு அறுந்தால் ரைடு போச்சு. அந்த 30 நொடி தம் கட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் தன் பக்கம் வந்து சேர்ந்தவன் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்று, வேண்டிய மட்டும் காற்றை இழுத்துக்கொள்ளலாம். இரண்டு கையையும் ஒரே நேரத்தில் வீசும் பட்டர்ஃப்ளையில் 200 மீட்டர் போகிற பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது. பள்ளி அளவில் பலருக்கு அது இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஓடும். அவ்வளவு நேரமும் கையின் வீச்சுக்குத் தகுந்தபடிதான் மூச்சு. தலை மேலே வரும் அந்தக் கண நேரத்தில் வாயால் இழுத்ததுதான் கணக்கு. மீதி நேரம் முகம் தண்ணீருக்குள்.

அடுத்த முறை போட்டிக்கு வரும்போது, முடிவுக் கோட்டைப் பார்க்காமல் திருப்பங்களைக் கவனியுங்கள். 50 மீட்டர் குளத்தில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் என்றால் ஏழு திருப்பம். ஆறாவது திருப்பத்துக்கு வருகிற பிள்ளையைப் பாருங்கள். நெஞ்சு காற்றுக்குத் தவிக்கிறது, தொடை இரண்டும் எரிகிறது. தரையில் ஓடுகிறவனாக இருந்தால் வாயைப் பிளந்துகொண்டு ஓடுவான். இவள் அந்த நேரத்தில் தண்ணீருக்குள் குட்டிக்கரணம் அடித்து, மூக்கில் தண்ணீர் ஏறாமலிருக்க மிச்சம் இருக்கிற காற்றையும் மூக்கு வழியாக விட்டு, சுவரை உதைத்து, அடியிலேயே நான்கைந்து மீட்டர் போய்த்தான் மேலே வர வேண்டும். வந்ததும் முதல் கைவீச்சிலேயே மூச்செடுத்தால் வேகம் போகிறதென்று கரையிலிருந்து நான் கத்துவேன். போதாததற்கு, தண்ணீர் நெஞ்சுக்கூட்டை எல்லாப் பக்கமும் அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த அழுத்தத்தைத் தள்ளித்தான் விலா விரிய வேண்டும். கடைசிச் சுவரைத் தொட்டுவிட்டுக் குளத்தோர வாய்க்காலில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு போட்டியிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். பார்வையாளர் வரிசையிலிருந்து அது தெரியாது.

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் அதன் எதிர்ப்பு சுமார் நான்கு மடங்காகும். கபடியில் எதிராளியை ஏமாற்றலாம், களைக்க வைக்கலாம், பயமுறுத்தலாம். இங்கே அந்த வித்தையெல்லாம் செல்லாது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் எட்டுத் தங்கம் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். அதில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை இறுதிப் போட்டியில் அவருடைய காகிள்ஸுக்குள் தண்ணீர் புகுந்து நிரம்பிவிட்டது. கடைசியில் சுவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கைவீச்சை எண்ணிக்கொண்டே போய்ச் சுவரைத் தொட்டார். 1 நிமிடம் 52.03 நொடி, உலக சாதனை. கண் தெரியாமல், மூச்சு போதாமல், எண்ணிக்கை தவறாமல் போவதை என்னவென்று சொல்வீர்கள்?

சரி, இடிபாடு இருந்தால்தான் ஒத்துக்கொள்வோம் என்றால் தண்ணீரில் அதுவும் இருக்கிறது. நீந்திக்கொண்டே பந்தை எதிரணியின் கோலுக்குள் போடும் வாட்டர் போலோவில் பந்து மேலே போகும்போது, கீழே கால்களும் கைகளும் செய்கிற வேலையை நடுவர் பாதிதான் பார்ப்பார். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்ஸில் ஹங்கேரியும் சோவியத் யூனியனும் மோதின. சோவியத் டாங்குகள் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டுக்குள் புகுந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஹங்கேரி 4-0 என்று முன்னிலையில் இருந்தபோது எர்வின் ஜாடோர் என்ற வீரர் கண்ணருகே குத்து வாங்கி, ரத்தம் வழியக் குளத்தைவிட்டு ஏறினார். கூட்டம் கொந்தளித்தது, ஆட்டத்தை அத்தோடு நிறுத்தினார்கள்.

லேன் கயிறு இல்லாத 10 கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சல் 2008 முதல் ஒலிம்பிக்ஸில் இருக்கிறது. மிதவையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் நெருக்குவார்கள். முழங்கை விலாவில் இறங்கும், குதிகால் மூக்கில் இறங்கும், காகிள்ஸ் தெறிக்கும். 2016 ரியோவில் பெண்கள் போட்டியில் இரண்டாவதாக வந்த பிரான்சின் ஓரேலி முல்லர், முடிவுப் பலகைக்கு அருகே இத்தாலியின் ராகேலே ப்ரூனியைத் தடுத்து அமுக்கியதாகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீந்தி வந்த பிறகு கடைசி ஒரு மீட்டரில் நடந்த மல்லுக்கட்டு அது. கபடி நடுவராக இருந்தால் கைதட்டியிருப்பார் என்று எனக்கு அப்போது தோன்றியது.

ஆனால் என்னைக் கேட்டால், இந்த விளையாட்டின் கடினத்தைப் பார்க்க வேண்டிய இடம் யாரும் யாரையும் தொடாத நீச்சல்தான். இரு கரைகளுக்கு நடுவே உள்ள கடலைக் கடக்கும் கால்வாய் நீச்சலில் கூட வரும் படகையோ படகில் இருப்பவரையோ பிடித்துக்கொண்டால் முயற்சி செல்லாது. குடிக்கக் கொடுப்பதைக்கூடக் கம்பிலோ கயிற்றிலோதான் நீட்டுவார்கள். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் பாக் நீரிணையை இலங்கைக் கரையிலிருந்து நம் கரைக்கும், திரும்ப அந்தக் கரைக்கும் நீந்திக் கடந்தார். 51 மணி நேரம். இரண்டு இரவைக் கடலில் கழித்த மனிதர். 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரையே விட்டார். நம் குற்றாலீஸ்வரன் 1994-இல் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்தபோது பள்ளிக்கூடப் பையன். 1966-இல் மிஹிர் சென் ஐந்து கடந்து வைத்திருந்த சாதனையை அவன் முந்தினான். இப்போது உங்கள் வகுப்பில் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் ஒரு பையனை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் எழுதுவது எந்த விளையாட்டு உசத்தி என்று தீர்ப்பு வாங்க இல்லை. நீச்சலை இலேசான விளையாட்டு என்று நீங்கள் நினைப்பதால் பள்ளிக்கூடத்தில் சில காரியங்கள் நடக்கின்றன. அவைதான் என் கவலை.

என்னிடம் வரும் பிள்ளைகள் காலை ஐந்து மணிக்குத் தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். ஒரு காலைப் பயிற்சி 4 கிலோமீட்டர் என்று வையுங்கள். 25 மீட்டர் குளத்தில் அது 160 முறை. ஒரு முறைக்கு 20 கைவீச்சு என்றால் 3,200. மாலையில் இன்னொரு முறை இறங்குகிறவர்களும் உண்டு. அத்தனை வீச்சும் தோளுக்கு மேலே சுற்றிவரும் வீச்சு. தோள்மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைநார்கள் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி வீங்கும். வெளியே கட்டும் இருக்காது, காயமும் இருக்காது. கபடிப் பையன் நொண்டிக்கொண்டு வந்தால் நீங்களே உட்கார வைத்துவிடுவீர்கள். இவள் கையைத் தூக்கித் தலைசீவ முடியாமல் அம்மாவிடம் சீப்பைக் கொடுத்துவிட்டு வந்திருப்பாள். அது உங்களுக்குத் தெரிய வழியில்லை. ஈரத் தலையோடு பிரேயருக்குத் தாமதமாக வருவாள். தண்டனையாக புஷ்-அப் எடுக்கச் சொல்வீர்கள். நான் கெஞ்சிக் கேட்பது முதலில் இதைத்தான்: தோள் வலிக்கிறது என்று சொல்லும் நீச்சல் பிள்ளைக்கு புஷ்-அப் வேண்டாம். கண் சிவந்திருப்பது குளோரினால். "ராத்திரி பூரா போன் பாத்தியா?" என்ற விசாரணையும் வேண்டாம். இரண்டாம் பீரியடில் தூங்கி விழுந்தால், அந்த வகுப்பு ஆசிரியரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும். நான் வந்து சொன்னால் எடுபடுவதில்லை.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. கோடையில் கிணற்றிலும் கண்மாயிலும் "யார் ரொம்ப நேரம் முங்கி இருக்கிறது" என்று பையன்கள் பந்தயம் கட்டுவார்கள். கபடிப் பையன்கள்தான் இதில் முன்னால் நிற்பார்கள், தம் இருக்கிறது என்ற நம்பிக்கையில். முங்குவதற்கு முன் புஸ் புஸ்ஸென்று வேகமாக மூச்சை இழுத்து இழுத்து விடுவார்கள். அதில்தான் ஆபத்து. மூச்செடு என்று உடம்பை நச்சரிப்பது பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்ஸைடு. வேகமாக மூச்சுவிட்டு அதை வெளியேற்றிவிட்டால் அந்த நச்சரிப்பு வராது. ஆக்ஸிஜன் மட்டும் தீர்ந்துகொண்டே போகும். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே மயக்கம் போட்டுவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிப் போகிறார்கள். கூடப் பந்தயம் கட்டியவர்கள் "இன்னும் இருக்கான்டா" என்று மேலே எண்ணிக்கொண்டிருப்பார்கள். விடுமுறை விடுவதற்கு முந்தின வாரம் மைதானத்தில் எல்லோரையும் உட்காரவைத்து இதை நீங்கள் சொல்ல வேண்டும். உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

போட்டி அட்டவணை போடுகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். 2010-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டியில் அமெரிக்காவின் ஃப்ரான் கிரிப்பன் வெந்நீர் போன்ற கடலில் இறந்துபோனார். வயது 26, முதல்தரமான வீரர். அதற்குப் பிறகுதான் திறந்தவெளிப் போட்டிகளுக்குத் தண்ணீர் வெப்பம் 31 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தது. தண்ணீரில் இருக்கிறவனுக்கும் வியர்க்கும், சூடும் ஏறும். மே மாதத்தில் கூரையில்லாத குளத்தில் மதியம் இரண்டு மணிக்கு 1,500 மீட்டர் வைக்காதீர்கள். கபடியை மாலை விளக்கு வெளிச்சத்துக்கு மாற்றத் தெரிந்த நமக்கு இதைக் காலை ஆறரைக்கு மாற்றுவதும் முடியும்.

பதிலுக்கு என்னால் ஆனதையும் சொல்லிவிடுகிறேன். முட்டி ஆபரேஷன் முடிந்து, மைதான ஓரத்தில் பாட்டில் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருக்கும் பையன்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் எடையில் சுமார் பாதிதான் காலில் இறங்கும். நெஞ்சளவு என்றால் மூன்றில் ஒரு பங்கு. தரையில் ஓட முடியாதவன் தண்ணீரில் நடக்கலாம், பிறகு ஓடலாம். டாக்டரும் பிசியோவும் சரியென்று எழுதிக்கொடுத்தால் அனுப்புங்கள். ஏழு மணிக்கு மேல் எங்கள் குளத்தில் ஓரத்து லேன் காலியாகத்தான் கிடக்கிறது; காசு எதுவும் வாங்க மாட்டேன். பனியனோடு இறங்க விடமாட்டார்கள், நைலான் ஷார்ட்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். முதல் நாள் நீங்களும் கூட வந்தால் நல்லது.

அன்புடன்,
ஒரு நீச்சல் பயிற்சியாளர்