ஆங்கிலச் சொல்லோடு வாக்கியமும் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் ஒரு கல்லூரிக்கு எதிரே பதினெட்டு ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். தேர்வுக்காலம் வந்துவிட்டால், பாடக்குறிப்புகளுக்குச் சமமாக என் இயந்திரத்தில் ஓடுவது 'ஆயிரம் ஆங்கிலச் சொற்கள்' என்ற தாள்கள்தான். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழில் ஒற்றைச் சொல்லாகப் பொருள். நகலிலிருந்து நகல் எடுத்து எழுத்தே மங்கிப்போனாலும், பயபக்தியோடு வாங்கிப் போகிறார்கள்.

சென்ற மாதம் முதுகலை படிக்கும் ஒரு மாணவி, வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவேண்டிய விண்ணப்பக் கடிதத்தைக் கொடுத்தாள். தாளைக் கண்ணாடிமேல் வைக்கும்போது மூன்றாவது வரியில் என் கண் நின்றுவிட்டது. தன் துறைப் பேராசிரியரை 'நொட்டோரியஸ்' என்று எழுதியிருந்தாள்.

"பெயர்பெற்றவர் என்றுதானே அக்கா பொருள்?" என்று பட்டியலை எடுத்துக் காட்டினாள். அதில் அப்படித்தான் இருந்தது. கெட்டதற்குப் பெயர்பெற்றவரைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்ற விவரம் அங்கே இல்லை. சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏற்கெனவே ஒரு விண்ணப்பத்தை இதே சொல்லோடு தபாலில் சேர்த்துவிட்டாளாம். நாள் தவறாமல் பத்துப் பத்துச் சொல்லாக மனப்பாடம் செய்த பிள்ளை அவள். உழைப்பில் ஒரு குறையும் இல்லை.

நான் இளங்கலை ஆங்கிலம் படித்தபோது எங்கள் ஆசிரியை பட்டியலே தரமாட்டார். கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதி, அதன் சொந்தபந்தங்களைத் தேடிவரச் சொல்வார். 'ஸ்பெக்ட்' என்பது பார்ப்பதைக் குறிக்கும் லத்தீன் வேர். உள்ளே புகுந்து பார்ப்பவர் இன்ஸ்பெக்டர். நின்று வேடிக்கை பார்ப்பவர் ஸ்பெக்டேட்டர். சுற்றுமுற்றும் பார்த்து அடியெடுத்து வைக்கிறவரின் குணம் 'சர்க்கம்ஸ்பெக்ட்'. அந்தக் கடைசிச் சொல் எங்களுக்குக் கடினமாகவே தோன்றவில்லை. பிறகு அதை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினால்தான் வீட்டுக்குப் போகலாம்.

வெளிநாட்டுப் படிப்புக்கான ஜிஆர்இ தேர்விலேயே 2011-ஆம் ஆண்டு எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். பத்தியில் விடுபட்ட இடத்துக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று கேட்கிறார்கள். எங்கள் தெருவில் மட்டும் இன்னும் பழைய பட்டியல்களே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நகலெடுத்துக் கொடுத்துக் காசு வாங்குகிறவள் நான் என்பதால் மனம் இன்னும் உறுத்துகிறது.

தங்கள் கல்வி இணைப்பிலும் நாள்தோறும் பத்துச் சொற்கள் வருகின்றன. மாணவர்கள் அதைக் கத்தரித்து என் கடைக்குக் கொண்டுவருகிறார்கள். பத்து வேண்டாம், மூன்று போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வாக்கியங்கள், எந்த இடத்தில் அதை எழுதக்கூடாது என்று ஒரு வரி, அதன் சொந்தபந்தமான சொற்கள் ஒன்றிரண்டு சேர்த்துப் போடுங்கள். முதல் நாள் 'நொட்டோரியஸ்' வரட்டும். அந்தப் பக்கத்தைக் கடை வாசலில் ஒட்டிவைக்கிறேன். கேட்கும் மாணவர்களுக்குக் காசு வாங்காமல் நகலெடுத்தும் தருகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கும்பகோணம்