டிசம்பர் பூவை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற பூச்செடிகள் என்று உங்கள் பேப்பரில் வந்த பக்கத்தை இரண்டு முறை படித்தேன். ரோஜா, குண்டுமல்லி, செம்பருத்தி, சாமந்தி எல்லாம் இருந்தது, சந்தோஷம். ஆனால் டிசம்பர் பூவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் காட்பாடித் தெருவில் வேலியோரம் இந்தச் செடி இல்லாத வீட்டைப் பார்ப்பதே அபூர்வம், அதனால்தான் மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

வாசனையே இல்லாத பூவை எதற்கு வளர்ப்பது என்று கேட்பார்கள். மல்லி வெயில் காலத்துப் பூ. பனி இறங்கியதும் மொட்டு வைப்பது குறைந்து விலை எங்கேயோ போய்விடும், மார்கழியில் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு முழம் என்ன விலை என்று கேட்டுவிட்டு வாங்காமலே திரும்பியிருக்கிறேன். சரியாக அந்த நாட்களில்தான் டிசம்பர் பூ செடி கொள்ளாமல் பூக்கும். ஊதா, வெள்ளை, ரோஸ், அப்புறம் ஊதாவில் வெள்ளைக் கோடு போட்டது. காசு கொடுத்து மல்லி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனது இந்தப் பூவால்தான்.

நான் பூக்கட்டப் பழகியதும் இதில்தான். பனி ஈரத்தோடு பறிக்க வேண்டும், பூவைச் சுற்றி முள் மாதிரிச் செதில் இருக்கும், குழல் போன்ற அடிப்பகுதியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் முழுசாக வரும், அவசரப்பட்டால் இதழ் கிழிந்து கையோடு வந்துவிடும். கால் கட்டைவிரலில் நூலை மாட்டிக்கொண்டு உட்காருவோம். அந்தக் குழல் நீளமாக இருப்பதால் சின்ன விரலுக்கும் முடிச்சு நிற்கும். மல்லி மொட்டில் பழகினால் பாதி நழுவிக் கீழே விழும். சாயங்காலத்துக்குள் வாடிவிடும்தான், ஆனால் மறுநாள் காலையில் செடி மறுபடி நிறைந்து நிற்கும்.

கனகாம்பரமும் இதற்குச் சொந்தம்தான், ஒரே குடும்பத்துச் செடி. அதன் காய்ந்த கதிரைத் தண்ணீரில் போட்டால் பட் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும், அதற்காகவே நாங்கள் காத்துக்கிடப்போம்.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரியில் என் ரோஜாத் தொட்டிகள் கருகிப்போன வருஷமும் டிசம்பர் பூச்செடி அரிசி கழுவின தண்ணீரிலேயே உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது. இவ்வளவு இருந்தும் பக்கத்தில் ஒரு நர்சரியில் கேட்டபோது, "அதை இப்ப யாரும் கேக்கறதில்லைம்மா" என்று சொல்லிவிட்டார்கள். விற்பனைக்கு வராத செடி என்பதால் ஒரு வீட்டில் பட்டுப்போனால் அந்தத் தெருவிலேயே இல்லாமல் போய்விடுகிறது.

அடுத்த முறை தோட்டப் பக்கம் போடும்போது இதற்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். செடி வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: தை முடிந்து பூ ஓய்ந்ததும் கிளைகளை வெட்டி விடுங்கள், புதுக்கிளை நன்றாக வரும். அப்புறம் ஆடி மழை ஈரத்தில் கணுவோடு நாலு குச்சி ஒடித்து ஊன்றினால் சுலபமாக வேர் பிடித்துவிடும், அதில் இரண்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.