நகரியில் பேக்பைப்

நகரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மூர்த்தி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். தங்கச்சிக்கு மூட்டு வலி தேவலையா? சீட்டுப் பணம் வந்து சேர்ந்தது. ரத்தினம் வழக்கம்போலக் கணக்கில் குழப்பி, வழக்கம்போலச் சத்தியமும் செய்தான். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் அடுத்த விஷயத்தைக் கேட்டதும் நீ சிரித்துத் தொலைப்பாய், நான் கோபத்தில் கட் பண்ணிவிடுவேன். அதனால்தான் கடிதம். நான் பேக்பைப் கற்றுக்கொள்கிறேன், ஸ்காட்லாண்டுக்காரன் கக்கத்தில் பையை இடுக்கி ஊதுவானே, அதுதான்.

சிரித்தாயிற்றா? சரி, மேலே படி.

பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு ஹவில்தார் இருக்கிறார், ராணுவ பேண்டில் பைப் வாசித்து ரிட்டயர் ஆனவர். ரத்தினம் மகள் கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலை. பேச்சோடு பேச்சாகப் போனில் தன் பழைய பேண்டைப் போட்டுக் காட்டினார். தோளில் சாய்ந்த மூன்று குழலும் விடாமல் சுருதி பிடிக்க, நான்காவது பாடுகிறது. எனக்குப் பாயசம் இறங்கவில்லை. மறுவாரமே அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

நெட்டில் பளபளவென்று ஒரு பை பார்த்து வைத்திருந்தேன், விலையும் மலிவு. அவர் படத்தைப் பார்த்துவிட்டு, “சுவத்துல மாட்ட நல்லா இருக்கும், சுருதி நிக்காது” என்றார். கையில் கொடுத்தது பிராக்டிஸ் சாண்டர் என்ற பிளாஸ்டிக் குழல். உள்ளே நம்ம சீவாளி மாதிரி ரீடு, அதன்மேல் மூடி, மூடி வழியாக ஊதவேண்டும். ரீடு உதட்டில் படவே படாது. ஆறு மாதமோ ஒரு வருஷமோ இதுதான், பையைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

முன்னால் ஏழு துளை, பின்னால் இடது கட்டைவிரலுக்கு ஒன்று. மொத்தம் ஒன்பது சுரம். வலது கை விரல்களை நீட்டி, நடுக்கணுச் சதையால் துளையை மூடவேண்டும். நுனியால் மூடினால் ஸ்கேலால் தட்டுகிறார், இந்த வயதில்! சுரம் என்னவென்று நினைக்கிறாய்? அவர்கள் ‘ஏ’ என்பதை ஷட்ஜமாக வைத்துப் பார், அச்சு அசல் ஹரிகாம்போதி ராகம். அதற்குக் கீழே ஒரு நிஷாதம் மட்டும் கூடுதல். சுருதி ஆறரைக் கட்டைக்கும் கொஞ்சம் மேலே நிற்கிறது.

ஆனால் ஹரிகாம்போதி என்று ஆசைப்பட்டு ஒரு காந்தாரத்தை அசைக்கப் போனால் தீர்ந்தது கதை. உதடு படாததால், நாயனத்தில் நாக்கால் சுரத்தை வெட்டும் துத்துகாரம் கிடையாது. பலமாக ஊதுவது, மெல்ல ஊதுவது என்பதும் கிடையாது. காற்றும் நடுவில் நிற்காது. ஒரே சுரத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டுமென்றால், வேறொரு விரலைச் சட்டென்று தூக்கி வைத்து நடுவில் வெட்டவேண்டும். அதற்கு கிரேஸ் நோட் என்று பேர். அந்த ஒரு விரலைத் தூக்கிப் போடுவதற்கே எத்தனை சாயங்காலம் போயிற்று என்று கேட்காதே. அப்பாவிடம் அரைகுறையாகக் கற்ற நாயனக் கை எனக்கு இதில் உதவியும் இல்லை, உபத்திரவம்தான் ஜாஸ்தி.

சாதகம் தறிக்கூடத்தில். விசைத்தறி ஓடும்போது யமன் வந்து கூப்பிட்டாலும் கேட்காது என்ற தைரியம். ஒருநாள் கரண்ட் போனது. தெருவில் எல்லாத் தறியும் ஒரே சமயத்தில் நின்றுவிட, நான் ஒருத்தன் மட்டும் ஊதிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கிழவி வந்து, “எங்க ஆடு உங்க வீட்டுக்குள்ள பூந்துடுச்சா?” என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு ஒரே குஷி. அவள் சின்ன வயதில் அவர்கள் ஊர்ப்பக்கம் கூத்துக்கு ‘தித்தி’ என்று ஒன்று கொண்டு வருவார்களாம். முழு ஆட்டுத்தோலை அப்படியே பையாகக் கட்டிக் குழல் சொருகியிருக்கும். பாட்டெல்லாம் வராது, சுருதி மட்டும்தான். ஸ்காட்லாண்டுக்காரன் சமாசாரம் என்று நினைத்தால் நம்ம கொல்லையிலேயே ஒன்று இருந்திருக்கிறது, பார்.

போன மாதம் ஹவில்தார் மனமிரங்கித் தன் பழைய பையைக் கொடுத்தார். ட்ரோன் என்பது தோளில் சாய்கிற சுருதிக் குழல். மூன்று ட்ரோனில் இரண்டுக்குக் கார்க் அடைத்து, ஒன்றை மட்டும் விட்டிருக்கிறார். ஊதிப் பையை நிரப்பு, ஒரு தட்டுத் தட்டி ட்ரோனை எழுப்பு, அப்புறம் முழங்கையால் அமுக்கு. மூச்சு வாங்கும்போது கை அமுக்கவேண்டும், ஊதும்போது கை தளரவேண்டும். இரண்டும் சேர்ந்து பைக்குள் அழுத்தம் ஒரே அளவாக நிற்கவேண்டும், கொஞ்சம் ஏறி இறங்கினாலும் சுருதி கோணும். எனக்குக் கோணிக்கொண்டேதான் இருந்தது. வீட்டுக்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது: “இறங்குது.”

அப்பாதான். காது கேட்பதில்லை என்று நாங்கள் டிவியை அலறவிடுகிறோமே, அதே அப்பா. மறுபடி ஊதினேன். “ஏறுது.” மறுபடி. “இறங்குது, கன்னத்தை விட்டுட்ட பாரு.” நான் கன்னத்தால் ஊதவில்லை, பைதான் என்று காட்டினேன். எழுந்து வந்து பையைத் தடவிப் பார்த்தார். அந்தப் பையின் வேலையைத்தான் அவர் ஆயுசு முழுக்கக் கன்னத்தில் செய்திருக்கிறார், மூர்த்தி. மூக்கால் மூச்சை இழுத்து, கன்னத்துக் காற்றை விடாமல் தள்ளி, விடிய விடிய சாமி ஊர்வலத்தில் ஒத்துப் பிடித்து நடந்தவர். ஒத்து என்றால் நாயனத்துக்குச் சுருதி மட்டும் பிடிக்கிற, விரல் துளைகூட இல்லாத குழல். அவர் பேரை நோட்டீசில் பார்த்திருக்கிறாயா நீ? நானும் பார்த்ததில்லை. அப்புறம் கரண்டில் ஓடும் சுருதிப் பெட்டி வந்தது. கோஷ்டியில், “அண்ணே, நீங்க ரெஸ்ட் எடுங்க” என்றார்கள். அன்றைக்கு ஒத்தை உறையோடு ஆணியில் மாட்டியவர், அதைப் பற்றி இதுவரை வாயே திறக்கவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் எனக்கு முன்னாலேயே தறிக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறார். பாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. “என்னடா இது, ஒரு கமகம் இல்ல?” என்கிறார். ட்ரோனை மட்டும் கண்ணை மூடிக் கேட்கிறார்.

நேற்று, தானும் ஊதவேண்டும் என்று கேட்டார். பையிலிருந்து பாட்டு வாசிக்கும் குழலான சாண்டரைக் கழற்றி அந்த வழியை அடைத்துவிட்டால் ட்ரோனை மட்டும் வாசிக்கலாம், புதிதாகப் பழகுகிறவர்களுக்கே ஹவில்தார் அப்படிச் செய்வார். ஆனால் அப்பாவுக்கு வீசிங். படியேறினாலே இளைக்கிறது. டாக்டரிடம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார், அதனால் கேட்கவில்லை. இவள் கூடாது என்கிறாள். பையை நான் ஊதி நிரப்பிக் கொடுத்து, அவரை அமுக்க மட்டும் விடலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் அதை அவர் ஊதியதாக ஒத்துக்கொள்ள மாட்டார், உனக்கே தெரியும். நீ என்ன நினைக்கிறாய்? தங்கச்சியிடமும் கேட்டு எழுது, அவள் சொன்னால் சரியாக இருக்கும்.

இன்னொன்று. உன் பையன் நீலகிரி வெலிங்டனில்தானே இருக்கிறான்? மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர் பக்கம் பைப் வாசித்தவர்கள் யாராவது இருப்பார்கள். சாண்டருக்கு லேசான ரீடு கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல். ஹவில்தாருடையது கெட்டி ரீடு, இரண்டு வரி வாசிப்பதற்குள் கண் இருட்டுகிறது. கிடைத்தால் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வரும்போது கொண்டு வா. புளியங்காய் கொண்டு வராதே, அப்பா அதை இன்னும் மறக்கவில்லை.

உன்,
கோபி