ஆண்டறிக்கை 2025: நாற்பது நாளும் நாற்பது சீட்டும்

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, அருட்சகோதரிகளே, உறுப்பினர்களே, உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம். ஏழைகளுக்கு உதவும் நம் பங்கின் புனித வின்சென்ட் தே பவுல் கிளைச்சபையின் 2025ஆம் ஆண்டுக்கான அறிக்கையை உங்கள் முன் வாசிக்கிறேன்.

வழக்கமான பணிகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாராந்தரக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. தத்துக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் அரிசியும் மளிகையும் போய்ச் சேர்ந்தன. இல்லச் சந்திப்பில் மட்டும் மழை மாதங்களில் தொய்வு. ஆகஸ்ட் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்பு புல் செதுக்கும் வேலை, கிறிஸ்துமஸுக்குப் புத்தாடை எல்லாம் எப்போதும்போல். ஏப்ரல் 21, ஈஸ்டர் திங்களன்று திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்த செய்தி வந்ததும், அன்று மாலை வைத்திருந்த குடும்ப விழாவை நிறுத்தி இரங்கல் செபம் நடத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இரகசிய உண்டியலில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று அவரிடம் கேட்காதீர்கள், அவருக்கும் தெரியாது.

மிச்ச நேரத்தை நான் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்துக்கே எடுத்துக்கொள்கிறேன். 2025இல் நாம் புதிதாகச் செய்தது அது ஒன்றுதான்.

ஜனவரி செயற்குழுவில் ஓர் அண்ணாச்சி பேச்சைத் தொடங்கி வைத்தார். “நாம கடற்கரை ஊர். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம்னு கறியை விடுறோம், அன்னைக்கே சீலா மீன் குழம்பு வைக்கிறோம். இதுல எதை விட்டோம்?” என்றார். சிரித்தோம், ஆனால் பதில் சொல்ல யாருக்கும் வரவில்லை. நாற்பது நாள் குடியை விட்டுவிட்டு ஈஸ்டர் அன்று வட்டியும் முதலுமாக வசூல் செய்கிறவர்கள் பற்றியும் பேச்சு வந்தது. அதை இங்கே நீட்ட வேண்டாம். என் மனதில் தைத்தது வேறு. அந்த மாதம் இல்லச் சந்திப்புக்குப் போனபோது, தவக்காலம் வருகிறது, நீங்களும் எதையாவது விடலாமே என்று நம்மவர் ஒருவர் சொல்லிவைக்க, அந்த வீட்டு அம்மா கேட்டார்: “எங்களுக்கு வருசம் பூரா ஒருசந்திதான் ஐயா, இதுல எதை விட?” ஒருசந்தி என்றால் ஒரு வேளை மட்டும் சாப்பிடும் நோன்பு. கையில் அரிசிப் பையோடு வாசலில் நின்றவர்களுக்கு அதற்குமேல் என்ன பேச்சு இருக்கிறது?

அப்படித்தான் ‘விடுவதை விட்டுவிட்டுச் செய்வோம்’ என்ற தீர்மானம் வந்தது: சீட்டு எடுத்து, அதில் எழுதியிருக்கும் நல்ல வேலையைச் செய்வது. பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஒருசந்தியை ஒழித்துவிட்டு சமூக சேவையா என்று கோவில் வாசலிலேயே சண்டைக்கு வந்தார்கள். பங்குத்தந்தை அவர்கள் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் இதைத் தெளிவாக்கினார். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் 18 வயது முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு நோன்பு நாட்கள், அதில் மாற்றம் கிடையாது. 14 வயது ஆனவர்களுக்கு வெள்ளிக்கிழமை இறைச்சித் தவிர்ப்பும் உண்டு. ஆனால் நோன்பு, தவிர்ப்பு இவற்றுக்குப் பதிலாக, முழுதாகவோ பகுதியாகவோ, அன்புச் செயல்களையும் பக்தி முயற்சிகளையும் ஆயர் பேரவை ஏற்படுத்தலாம் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பே 1253ஆம் எண்ணில் சொல்கிறது. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தவமுயற்சி பற்றிய தம் ஆவணத்திலேயே இதற்கு வழி திறந்திருந்தார். நம் சீட்டு எதற்கும் மாற்று அல்ல, கூடுதல்தான் என்று பங்குத்தந்தை முடித்தபிறகு முணுமுணுப்பு அடங்கியது. முழுக்க அடங்கியது என்று சொல்லமாட்டேன்.

சீட்டு முறை எல்லோருக்கும் தெரியும் என்றாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். சாம்பல் புதனான மார்ச் 5 முதல் பெரிய சனி வரை, ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது நாள். கோவில் வாசலில் ஒரு பெட்டி. ஒரு சீட்டில் ஒரு சின்ன வேலை. பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுங்கள். மாமியாரோடு அரை மணி நேரம் டிவி போடாமல் பேசுங்கள். கடன் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுங்கள். இந்தக் கடைசிச் சீட்டால் ஊரில் பல வீடுகளின் அலமாரி காலியானது. மறைக்கல்விப் பிள்ளைகள் சீட்டுகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். அப்பாவின் வண்டியைக் கழுவும் சீட்டுக்கு நல்ல மதிப்பு இருந்ததாம்.

எடுத்தவர்கள் மறுபடி பெட்டிக்குள்ளேயே போட்ட சீட்டு ஒன்று உண்டு: ‘பேசாமல் இருப்பவரிடம் நீங்களே முதலில் பேசுங்கள்.’ வாரக் கடைசியில் பெட்டியைத் திறந்தால் அதுதான் மேலே கிடக்கும். 387ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் அந்தியோக்கியாவில் பிரசங்கம் செய்த புனித யோவான் கிறிசோஸ்தோம், பறவையையும் மீனையும் விட்டுவிட்டுச் சகோதரனைக் கடித்துத் தின்றால் என்ன பயன் என்று கேட்டார். நம் ஊருக்கு வந்து கேட்டது போலவே இருக்கிறது. மீனையும் விடாமல் சகோதரனையும் கடிக்கிறோம்.

ஒரு சீட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். முன்னுரிமை ரேஷன் அட்டையில் இருப்பவர்கள் எல்லாரும் மார்ச் 31க்குள் கைரேகை வைத்துப் பதிவை முடிக்க வேண்டும் என்று அப்போது சொல்லியிருந்தார்கள். நம் தெரு ஆச்சி ஒருவருக்கு ரேகை விழவில்லை. வாழ்நாளெல்லாம் கருவாட்டுக்கு உப்புத் தேய்த்த கை, விரல் நுனி கூழாங்கல் மாதிரி வழுவழு என்றிருக்கும். கட்டைவிரலை வைத்தார், ஆள்காட்டி விரலை வைத்தார், முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். கருவி ஏற்கவே இல்லை. ‘வயதானவர் ஒருவரை அவர் போகவேண்டிய இடத்துக்குக் கூட்டிப்போங்கள்’ என்ற சீட்டு கிடைத்த ஐடிஐ மாணவன்தான் இவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு, கருவிழிக் கருவி இருந்த கடைக்குப் போனான். கண்ணை அகல விரி ஆச்சி என்று இவன் சொல்ல, அவருக்குச் சிரிப்பு வந்து கண் மூடிக்கொள்ள, வரிசையில் நின்றவர்களெல்லாம் சேர்ந்து சிரிக்க, ஒருவழியாகப் பதிவு ஆனது. அந்தப் பையன் நம் கூட்டங்களுக்கு வருவதில்லை, ஞாயிறு திருப்பலிக்கே பாதி நாள்தான் வருகிறான். ஆனால் ஆச்சி பாமாயில் வாங்கக் கிளம்பினால் இன்றைக்கும் வண்டியை எடுக்கிறான்.

ரம்ஜான் நோன்பும் அதே மார்ச்சில் வந்ததால், பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி நம் தெருவுக்கும் வந்தது. மார்ச் 31 பெருநாள் தொழுகையின்போது நம் இளைஞர்கள் சாலையில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்தினார்கள். பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு ஜமாஅத்திலிருந்து பெரிய அண்டாக்களை வாங்கிவந்தோம். அண்டாக்களைத் திருப்பியாயிற்று. நீளக் கரண்டி ஒன்று இன்னும் நம் அறையில்தான் இருக்கிறது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கச் சீட்டு எழுதிய சபை என்பதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

சரிவராதவையும் உண்டு. நட்ட கன்றுகளை ஆடு தின்றது. இரத்ததானச் சீட்டை எடுத்த சிலர் நோன்பு வயிற்றோடு போக, சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று இரத்த வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் முதல் வாரமே பிஸ்கட் பாக்கெட் கொடுக்கும் படங்கள் வரிசைகட்டின. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியவேண்டாம் என்ற மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தைச் சாம்பல் புதனன்று நின்று கேட்டுவிட்டு வந்தவர்கள்தான் நாம். படம் போடக்கூடாது என்று தலைவர் அறிவித்ததும் சிலருக்கு ஆர்வம் வடிந்துவிட்டது. பெயர் சொல்லமாட்டேன், முன்வரிசையில்தான் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 15, பெரிய வாரத்துச் செவ்வாயன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை விசைப்படகு கிடையாது, கூலியும் கிடையாது. இந்த வாரத்தில் பெட்டியை யார் சீண்டப்போகிறார்கள் என்றுதான் செயற்குழுவில் நினைத்தோம். கடலுக்குப் போகாத ஆண்கள் அந்த வாரம்தான் அதிகம் சீட்டு எடுத்தார்கள். ஒரு கைம்பெண் வீட்டுக் கூரை மாற்றப்பட்டது. நாட்டுப்படகுக்காரர்களின் கிழிந்த வலைகளுக்குக் கூலி வாங்காமல் பொத்தல் அடைத்துக் கொடுத்தார்கள். ஒருசந்தி பற்றிக் கேட்ட அந்த அம்மாவும், உப்பளத்துக்கு விடியுமுன் போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குழந்தையை நாற்பது நாளும் வைத்துப் பார்த்துக்கொண்டார். நம் பதிவேட்டில் அவர் பெயர் ‘உதவி பெறுவோர்’ பக்கத்தில் இருக்கிறது. அந்த மாதம் அவர் செய்த அளவுக்கு, செயலாளராகிய நான் உட்பட, ‘உறுப்பினர்’ பக்கத்தில் இருக்கும் யாரும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதிவேட்டை இரண்டு பக்கமாகப் பிரிக்காமல் ஒரே பட்டியலாக எழுத வேண்டும் என்று செயற்குழுவில் கேட்டேன். இன்னும் முடிவாகவில்லை. இன்று பொதுக்குழுவின் கருத்துக்கு அதை வைக்கிறேன்.

இவ்வாண்டு, அதாவது 2026இல், சாம்பல் புதன் பிப்ரவரி 18. ரம்ஜான் பிறையும் ஏறக்குறைய அன்றே என்பதால், ஜமாஅத்தாரைப் பார்த்து வேலைகளைப் பேசிக்கொள்ள இருவரை நியமித்திருக்கிறோம். கரண்டியை அவர்கள் கையோடு கொண்டுபோவார்கள். புதிய சீட்டுகளுக்கான யோசனைகளை எழுதித் தாருங்கள். ‘முதலில் பேசுங்கள்’ சீட்டை எடுத்துவிடச் சொல்லி விண்ணப்பம் வந்திருக்கிறது, எடுப்பதாக இல்லை. சாம்பலுக்கான பழைய குருத்தோலைகளை பிப்ரவரி 15 ஞாயிறுக்குள் கோவிலைப் பராமரிக்கும் கோவில் பிள்ளையிடம் ஒப்படையுங்கள்.

ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

இவண்,
செயலாளர்