கம்பி வலைக்குள் என்ன வேட்டை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இப்போது குடியிருப்பது அல்சூரில். வீட்டில் கன்னி இன வேட்டை நாய் ஒன்று வளர்க்கிறேன். நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் வந்த வீடியோ ஒன்றுதான் இதை எழுத வைத்தது.

ஓசூர் சாலைப் பக்கம் ஏதோ ஒரு தோட்டம், நாலு பக்கமும் கம்பி வலை. கோணிச் சாக்கிலிருந்து ஒரு காட்டு முயலை உதறி விட்டு, பின்னாலேயே இரண்டு குட்டி நாய்களை அவிழ்த்து விடுகிறார்கள். முயல் வலையில் முட்டி விழுந்து, எழுந்து, மறுபடியும் அதே மூலையில் போய் முட்டுகிறது. "குட்டிக்கு ருசி காட்டுறோம்" என்கிறது ஒரு குரல்.

கேட்டால் தாத்தா காலத்து வேட்டை என்கிறார்கள். கரிசல் காட்டு முயல் வேட்டையைச் சின்ன வயதில் நானும் பார்த்தவன்தான். (அதற்கும் இன்று சட்டத்தில் இடமில்லை.) நம் காட்டு முயல் வளை தோண்டி ஒளிவதில்லை. ஓட்டமும், ஓடுகிற வேகத்திலேயே சட்டென்று திரும்புவதும்தான் அதன் பிழைப்பு. நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெறும் வாயோடு திரும்பும் நாளும் உண்டு. வலைக்குள் அந்த ஓட்டம் எதற்கு உதவும்? தாத்தா பார்த்தால் காறித் துப்பியிருப்பார்.

"நாங்கள் பிடிக்கவில்லை, காசு கொடுத்து வாங்கினோம்" என்பதும் செல்லாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் துரத்துவதும் வேட்டைதான். அடைத்து வைத்த விலங்கானாலும் அப்படித்தான். சரி, கடையில் வாங்கிய வெள்ளை முயலை விட்டால்? வேடிக்கைக்காக ஒரு விலங்கை இன்னொன்றின் மேல் ஏவுவது 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. தோட்டத்துக்குப் போய்வரும் பெட்ரோல் காசுகூட அதைவிட அதிகம்!

அமெரிக்காவிலும் நரிகளை வேலிக்குள் விட்டு நாய்களைப் பழக்கும் வழக்கம் உண்டு. புளோரிடா மாநிலம் அதை 2010இல் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் பந்தய நாய்களுக்கு உயிருள்ள விலங்குகளைக் கட்டிப் பயிற்சி கொடுத்தது 2015இல் தொலைக்காட்சியில் அம்பலமாகி, நாடே கொதித்தது.

கன்னி, சிப்பிப்பாறை, முதோல் எல்லாமே கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்கள். அசைவதைக் கண்டால் போதும். கயிற்றில் கட்டிய காலி நந்தினி பால் கவரை இழுத்தாலே என் நாய் தலைதெறிக்க ஓடும். கப்பியும் மோட்டாரும் வைத்துப் பிளாஸ்டிக் துண்டை வளைத்து வளைத்து இழுக்கும் போட்டிகளே இருக்கின்றன. அப்புறம், ரத்த ருசி கண்ட குட்டி நாளைக்குத் தெருப் பூனையை விட்டுவைக்குமா?

இதெல்லாம் நடப்பது விலைக்காகத்தான். "வேட்டை பழகினது" என்றால் குட்டிக்குக் கூடுதல் காசு. அப்படிச் சொல்லி விற்பவரிடம், எதை விட்டுப் பழக்கினீர்கள் என்று வாசகர்கள் கேட்க வேண்டும். முயல் என்றால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். மல்லேஸ்வரத்தில் உள்ள வனத்துறைத் தலைமை அலுவலகத்துக்கு அந்த வீடியோவை நான் அனுப்பியிருக்கிறேன்.

அல்சூர் வாசகர்,
பெங்களூரு - 8